ஏழாம் நம்பர்க்காரியைப் பார்க்கப் போனேன்

"ஏண்டி, நீதானா அது?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. இரும்பு எங்கே பதில் சொல்லும்?

கோத்தகிரி தாண்டி, ஒரு பல்கலைக்கழகத்தின் புல்தரை. நடுவே பச்சையும் மஞ்சளும் பெயிண்ட் அடித்து நிறுத்திய ஒரு பழைய ரிக். பூமியைத் துளைத்து எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இயந்திரம். இரும்பு மேடை, அதன்மேல் இரும்புக் கோபுரம், பக்கத்தில் இரும்புப் படிகள். அதன் காலடியில் அரக்குப் பட்டுப் புடவையும் கம்பளிச் சால்வையுமாக, கையில் ஹேண்ட்பேக்கோடு நான். மூடுபனி வேறு. கோயிலுக்குக் கிளம்பியவள் வழி தப்பி வந்து நிற்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

நான் கும்பிட வரவில்லை. திட்ட வந்திருந்தேன்.

"வாயைத் தொறக்க மாட்டயா? எப்படித் தொறப்பே? என்ற புருஷனைப் பாதி ஆயுசுக்கு வெச்சுக்கிட்டவ நீ. காதைச் செவுடாக்கி அனுப்புனவ நீ. இப்ப என்னமோ பெயிண்ட் அடிச்சுக்கிட்டு காலேஜ் புள்ளைங்களுக்கு நடுவுல மினுக்கிட்டு நிக்கறயா? வெக்கமா இல்ல உனக்கு?"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

யார் என்று பிறகு சொல்கிறேன். ரிட்டயர் ஆன பொம்பளை ஒருத்தி இரும்பைப் போய்ச் சக்களத்தி மாதிரித் திட்டுவானேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் மூளையைப் பற்றி ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள்.

மருந்தும் பெட்ரோலும்

போன வாரம் இதே பத்தியில் என் மாமியார் வைத்த ரசத்தைப் பற்றி எழுதியதிலிருந்து நாத்தனார் எனக்கு போன் செய்வதில்லை. இந்த வாரம் அவர் தம்பியைப் பற்றி எழுதுகிறேன். இனிப் பொங்கலுக்கும் போன் வராது. நிம்மதிதான்.

நாத்தனாரின் தம்பி என்றால் என் வீட்டுக்காரர், சென்னியப்பன். நான் குன்னூர் பக்கம் வெடிமருந்து ஃபாக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். அவர் காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற வேலையில் இருந்தார். எங்கள் கல்யாணப் பந்தலில் என் பெரியப்பா, வெற்றிலையை மென்றுகொண்டே எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "பொண்ணு வெடிமருந்து, மாப்பிள்ளை பெட்ரோல். ரெண்டையும் ஒரே ஊட்டுல வெக்கறீங்களே, பயமில்லீங்களா?"

அவர் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. இருவரையும் ஒரே வீட்டில் வைக்கவே ரிக் விடவில்லை.

ரிக் வேலைக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். இயந்திரம் இரவு பகல் நிற்காது. குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றுகிற பிரேக்கைப் பிடித்து நிற்கிறவர் பெயர் டிரில்லர். என்னவர் ஹெல்ப்பராகச் சேர்ந்து டிரில்லர் ஆனவர். மாற்று ஆள் வந்து பிரேக்கைக் கையில் வாங்கினால்தான் டிரில்லர் கையை எடுக்கலாம். மாற்று ஆளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் என் வீட்டில் தீபாவளி இல்லை.

அவர் வேலை பார்த்த ரிக்குக்குக் கம்பெனியில் ஏழாம் நம்பர். நான் வைத்த பெயர் ஏழாம் நம்பர்க்காரி. மாதத்தில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. இரண்டு குடும்பம் வைத்திருக்கிற ஆம்பிளைகள்கூட இத்தனை நாணயமாகப் பங்கு போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு தடவைகூட நான் அவளை நேரில் பார்த்ததில்லை. பொம்பளைகளை ரிக் பக்கம் விட மாட்டார்கள். போட்டோகூடக் கிடையாது, கேமரா கொண்டு போகக் கூடாதாம். அவளைத் திட்டுவதற்கு மட்டும் எனக்கு முகம் தேவைப்படவில்லை.

முதுகு

அவர் முறை முடிந்து வருகிற நாள் எனக்கு மூக்கால்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறி வரும்போதே டீசலும் கிணற்றுச் சேறும் கலந்த ஒரு வாடை வரும். மேட்டுப்பாளையத்தில் குளித்துவிட்டு வந்தேன் என்று ஒருமுறை சத்தியம் செய்தார். அந்த வாடைக்கு மேட்டுப்பாளையம் பத்தாது.

என் வீட்டில் ஒரே ஒரு சட்டம். அவள் வாடை என் வாசற்படி தாண்டக் கூடாது. எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பின்புறம் அண்டாவில் வெந்நீர் காயும். சாலையோரத்துத் தைல மரத்தில் ஒடித்த கொத்து ஒன்று அதில் மிதக்கும். அவர் நேரே பின்பக்கம் போய் உட்கார வேண்டும். கை கால் எல்லாம் அவரே தேய்த்துக்கொள்வார். முதுகில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு மட்டும் அவர் கைக்கு எட்டாது. அப்போது கத்துவார்.

"சரசு! முதுகு!"

பேசினார் என்று எழுத முடியாது, கத்தினார் என்றுதான் எழுத வேண்டும். இயந்திரச் சத்தத்தில் காது போன மனிதர். ரகசியம் சொன்னால் அடுத்த ஊரான வெலிங்டனில் கேட்கும். மறுநாள் குழாயடியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தேவகி இளிப்பாள். "அண்ணன் வந்துட்டாருங்களாக்கா? நேத்து முதுகுச் சத்தம் கேட்டுச்சு." எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்காக நான் இரண்டு வாரம் காத்திருந்தவள். எதற்கு மறைக்க வேண்டும்?

அவள் செய்த அக்கிரமங்கள்

எத்தனையோ உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் மாலதி பிறந்தபோது, கிணறு பொங்கப் பார்க்கிறது, டிரில்லர் நகர முடியாது என்று தகவல் வந்தது. இங்கே எனக்கு இடுப்பு வலி, அங்கே அவளுக்கு என்ன வந்ததோ. பிள்ளைக்குத் தொட்டில் கட்டி முடிந்த பிறகுதான் அவர் வந்தார். கையை நீட்டினார். "தண்ணி வாத்துட்டு வாங்க" என்று பிள்ளையைப் புடவைக்குள் மூடிக்கொண்டேன். அந்த மனிதர் வாசலிலேயே அழுதார். நான் இளகவில்லை. சட்டம் சட்டம்தான்.

இரண்டாவது, என் அப்பா சாவு. அது மழைக்காலம். அந்தப் பக்கம் வெள்ளம், மாற்று ஆட்கள் ரிக்குக்குப் போய்ச் சேர முடியவில்லை. ரிக்குக்கு வயர்லெஸ்ஸில் செய்தி சொன்னோம். மாமனாருக்குத் தோள் கொடுக்க வேண்டிய மருமகன் கருமாதிக்குக்கூட வரவில்லை. என் சித்தப்பா கொதித்துப் போனார். "சம்பந்தம் வெச்சது மனுசனோடயா, மிசினோடயா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் வந்ததும் நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். "கேதி கேட்டதும் தலைக்கு ஊத்துனீங்களா?"

எங்கள் பக்கம் அது ஒரு முறை. சொந்தத்தில் சாவு என்கிற கேதி எப்போது காதில் விழுந்தாலும், கேட்டவுடன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் சரி. ஊற்றினால்தான் செத்தவரை நம் மனிதர் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஊற்றாதவன் பங்காளி இல்லை.

"ஊத்துனேன் புள்ள," என்றார். "ரிக் கழுவற பைப்பைப் புடிச்சுத் தலையில உட்டுக்கிட்டேன். அஞ்சு நிமிசம் வேற ஆளு பிரேக்கைப் புடிச்சுக்கிட்டான்."

அதனால்தான் அவரை மன்னித்தேன். அவளை மன்னிக்கவில்லை.

சத்தம் நின்ற வீடு

நான்கு வருடம் முன்பு அவர் ரிட்டயர் ஆனார். அதற்குள் நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு, குன்னூர் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்திருந்தோம். மாலதி பெங்களூரில் இருக்கிறாள். சரி, கடைசியில் முழு மாதமும் எனக்குத்தான் என்று நினைத்தேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தார். ஒழுகாத கூரைக்குத் தார் அடித்தார். கேட்டுக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தார். பக்கத்து வீட்டுக் குழாயைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்தார். கத்திக் கத்தி என் உயிரை வாங்கினார்.

அந்த வருஷ மழையில் ஒரு நாள் சத்தம் நின்றது. ஜன்னல் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கூரையில் குரங்கு ஓடு பெயர்த்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டதற்குத் தலையாட்டல். கீசரில் தானே குளித்துவிட்டுத் தானே துவட்டிக்கொண்டு வருவார். முதுகுச் சத்தம் இல்லவே இல்லை.

டாக்டர் பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ரிட்டயர் ஆன ஆம்பிளைங்களுக்கு இப்படித்தாம்மா, கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் வருடக் கணக்காயிற்று. எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிற மனிதரை நான் இழந்துகொண்டிருந்தேன். அவர் கத்தினால் போதும், எதற்காக வேண்டுமானாலும் கத்தட்டும் என்று இருந்தது.

தைல மலையில் பெட்ரோல்

இந்த நேரத்தில்தான் ஜீப் ஓட்டுகிற போஜன் ஒரு செய்தி கொண்டுவந்தார். எங்கள் தெருவிலேயே இருக்கிறவர், படுகர். "அக்கா, கீழ்கோத்தகிரி போற பக்கம் ஒரு எஸ்டேட்டை வளைச்சுப் போட்டு யூனிவர்சிட்டி கட்டியிருக்காங்களே, அங்க பெட்ரோல் எடுக்கற மெசின் ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. நான் செல்போன் டவருன்னு நினைச்சேன். டவர் வந்தும் சிக்னல் வரலையேன்னு போய்ப் பார்த்தா, மெசினாம்!"

இந்த மலையில் பூமியிலிருந்து என்ன எண்ணெய் வந்துவிடும்? நமக்குத் தெரிந்ததெல்லாம் சளிக்குத் தேய்க்கிற தைலம்தான். ஆனால் அங்கே பெட்ரோலியப் படிப்பு இருக்கிறதாம். ஏலத்தில் எடுத்து, கழற்றி, லாரி லாரியாக மேலே ஏற்றினார்களாம். கொண்டை ஊசி வளைவில் திரும்பாத இரண்டு துண்டைக் கீழேயே விட்டுவிட்டார்களாம். அதனால் கோபுரம் கழுத்தோடு நிற்கிறதாம்.

"லாரி எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"நாகப்பட்டினம் நம்பர் பிளேட்டுக்கா."

எனக்குப் பொறி தட்டியது. காவிரிப் படுகையின் நாகப்பட்டினம்! அவளேதான். வேறு யார்?

உள்ளே ஓடினேன். "ஏனுங்க, உங்க ஏழாம் நம்பர்க்காரி கோத்தகிரிக்கு வந்திருக்காளாமுங்க!"

அவர் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பினார். "அவ எங்க இங்க வரா," என்றார்.

"நாகப்பட்டினம் லாரியில வந்துச்சாமுங்க. போய்ப் பார்த்துட்டு வரலாம். கண்ணாலம் ஆன நாள்லேருந்து உங்க கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா?"

நூறு கேட்டிருக்கிறேன். அதை அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் இரண்டு நாள் தலையாட்டினார். மூன்றாம் நாள் நான் பீரோவிலிருந்து அரக்குப் பட்டை எடுத்து வெயிலில் உதறினேன். சக்களத்தியைப் பார்க்கப் போகும்போது வீட்டில் கட்டுகிற வாயில் புடவையிலா போக முடியும்? அவர் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டார்.

எனக்கு இரண்டு ஆசைகள். அவளைப் பார்த்ததும் இவருக்குப் பழைய குரல் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால், ஐந்து நிமிடம் தனியாக, அவளை நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

போர்டும் சால்வையும்

போஜனின் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது ரிக் அடியில் ஒரு காட்டெருமை நின்று, இரும்புக் காலில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "தினமும் வருமுங்க, அரிச்சுட்டுப் போயிரும்" என்றார் வாட்ச்மேன். அது தன் வேலையை முடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கும் வரை காத்திருந்தோம். யூனிவர்சிட்டியில் அந்த ரிக்கால் உருப்படியாகப் பயன் அடைகிற ஒரே ஜீவன் அதுதான் என்று தோன்றியது.

இத்தனை வளைவுக்குப் பிறகு என்னவருக்கு அவசரம். வாட்ச்மேன் அவரைக் கட்டடத்துக்குள் பாத்ரூமுக்கு அழைத்துப் போனார். எனக்கு என் ஐந்து நிமிடம் கிடைத்தது. "ஏண்டி, நீதானா அது?" என்று ஆரம்பித்தேன்.

தொண்டையைச் செருமியது ஷீபா மிஸ். அங்கே பாடம் எடுக்கிற பெண், பேச்சில் மலையாளம் கலக்கிற கூடலூர்க்காரி. வருகிறவர்களுக்கு ரிக்கைச் சுற்றிக் காட்டுவதும் அவள் வேலைதான். "ஆன்ட்டி, யாரோட சண்டை?" என்று கேட்டாள். நான் வெட்கத்தை விட்டு எல்லாம் சொன்னேன். ஏழாம் நம்பர், மாலதி பிறந்தது, அப்பா செத்தது, நான்கு வருஷமாக நின்று போன சத்தம், ஒன்று விடவில்லை.

அவள் முகம் வாடிவிட்டது. "அய்யோ ஆன்ட்டி, ஆள் மாறிப் போச்சு கேட்டோ. இது காவிரிப் பக்கம் போனதே இல்ல. முழுக்க அசாம்ல ஓடின ரிக்காக்கும். லாரிக்காரன் மட்டும்தான் நாகப்பட்டினம். தா, எழுதி வச்சிருக்கு."

ரிக் முன்னால் முட்டி உயரத்துக்கு ஒரு போர்டு. அசாம் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து.

முன்பின் தெரியாத ஒருத்தியை, அசாம்காரியை, என்ன பேச்செல்லாம் பேசிவிட்டேன்! அதைவிட, அவர் வருவாரே. வீட்டைவிட்டு வராத மனிதரைக் கட்டாயப்படுத்தி இழுத்து வந்திருக்கிறேன். இது வேறு எவளோ என்று தெரிந்தால் மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்.

"கண்ணு, அவருகிட்டச் சொல்லிராத. உன்னைக் கையெடுத்துக் கும்படறேன்."

"ஒண்ணும் பேடிக்க வேண்டாம் ஆன்ட்டி. நான் மிண்ட மாட்டேன்," என்றாள். உதட்டின்மேல் விரலையும் வைத்துக் காட்டினாள், தங்கமான பெண்.

அதற்குள் அவர் வருவது தெரிந்தது. சால்வையை உருவி போர்டின்மேல் போட்டேன். அது வழுக்கியது. அதன் முன்னால் நானே போய் நின்று, பட்டுப் புடவையை விரித்துக்கொண்டேன். கோத்தகிரிக் குளிர் ஜாக்கெட்டுக்குள் புகுந்து முதுகெலும்பை எண்ணியது.

அவர் வந்து நின்றார். அண்ணாந்து தலையில்லாத கோபுரத்தைப் பார்த்தார். கிட்டே போய் இரும்பில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"அவளேதானுங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அவளேதான்!" என்று கத்தினார்.

கத்தினார்! புல்தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"வா புள்ள மேல. காட்டறேன்."

என்னைக் கைப்பிடித்து இரும்புப் படியில் ஏற்றினார். ஷீபா மிஸ் கீழேயே நின்று, துப்பட்டாவும் கையுமாகப் போர்டை மறைத்துக்கொண்டாள். மேலே அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். குழாய் இறங்குகிற துளை, சேறு தெறிக்கிற இடம், எல்லாரும் நின்றபடியே சோறு தின்கிற மூலை. கடைசியில் ஒரு நீளமான இரும்புக் கைப்பிடி, அதுதான் பிரேக். அதைப் பிடித்து, காலை அகட்டி நின்றார். திடீரென்று இடுப்பு நிமிர்ந்த ஒரு மனிதர் அங்கே நின்றார். என் மாப்பிள்ளை இப்படித்தான் இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"மாலதி பொறந்தப்ப இப்படித்தான் நின்னேன். கையை எடுத்தாக் கீழ இருக்கற அத்தனை பேரும் போயிருப்பாங்க. ராத்திரி முச்சூடும் நின்னேன். பொண்ணா பையனான்னுகூடத் தெரியாது."

இதை இத்தனை வருடத்தில் அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. குளிக்கத்தான் அனுப்பினேன். எனக்கு அழுகை முட்டியது. அங்கேயே அந்த அசாம்காரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சரி விடு" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வழியில் ஒரு எருமை

திரும்பி வரும்போது நான் ஏகக் குஷியில் இருந்தேன். திட்டும் ஆயிற்று, அவர் குரலும் வந்தாயிற்று, பொய்யும் பலித்துவிட்டது. இனி ஷீபா மிஸ்ஸுக்கு தின்ன ஒரு பெட்டி ஊட்டி வர்க்கி அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு வளைவில் அதே காட்டெருமையோ அதன் தம்பியோ, ரோட்டின் நடுவில் நின்றது. போஜன் எஞ்சினை அணைத்தார். தேயிலைக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த மிஸ்ஸு துப்பட்டாவைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சே, பாவம்," என்றார் அவர். "கை வலிச்சிருக்கும்."

நான் வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பினேன்.

"நீயும் சால்வையைக் கழட்டிப்போட்டு வெடவெடன்னு நின்னே. பொட்டலம் மாதிரி சால்வைக்குள்ளயே இருக்கற பொம்பள நீ."

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"கெளம்பறதுக்கு முன்னாலயே."

"அப்பொறம் எதுக்குங்க வந்தீங்க?"

"நீ எத்தனை வருசமா அவளை நேர்ல பார்த்துத் திட்டோணும்னு இருந்தே. பட்டுச் சேலையை வேற எடுத்து வெச்சுட்டே. ஆளே இல்லீன்னு எப்படிச் சொல்றது?"

"ஆளே இல்லீன்னா?"

அவர் கத்தவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"வெட்டிப்போட்டாங்க புள்ள. நான் ரிட்டயர் ஆன வருசம், அந்த மழையில. பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. கூட வேலை செஞ்ச பையன் போன் பண்ணுனான். கேஸ் கட்டர் வெச்சுத் துண்டு துண்டா அறுத்தாங்களாம்."

அந்த மழை. சத்தம் நின்ற அந்த மழை. பிரஷர் பார்க்க நான் டாக்டரிடம் அலைந்த அந்த மழை.

"என்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ சந்தோசப்படுவியேன்னுதான்," என்றார். "என்னால அதைப் பார்க்க முடியாதுன்னு தோணுச்சு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். பாயசம் வைத்திருந்தாலும் வைத்திருப்பேன். அதை நினைத்துத்தான் எனக்கு அப்படி ஓர் அழுகை வந்தது. நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் தனியாகச் சாவுக்கு அழுதிருக்கிறார், நான் சர்க்கரை டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப மேல நின்னு சொன்னதெல்லாம்?" என்று மூக்கை உறிஞ்சினேன்.

"நின்ன எடம் வேற. நின்னது நெசந்தானே?"

போஜன் கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். எருமை ஒரு வழியாக நகர்ந்தது.

சட்டம் சட்டம்தான்

எங்கள் தெரு முனையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, தைல மரத்தில் ஒரு கொத்து ஒடித்தேன். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய அண்டாவை இறக்கினேன். பின்பக்கம் மூன்று கல் கூட்டி விறகை மூட்டினேன். கீசர் இருக்கிறது. இதற்கு அது சரிப்படாது.

அவர் பின்வாசலில் வந்து நின்றார். "இந்தக் குளிர்ல பொழுது சாய என்ன பண்றே?"

"தலைக்கு ஊத்தப் போறேனுங்க."

"எதுக்கு?"

"கேதி கேட்டா ஊத்தோணுமில்ல? எனக்கு இன்னைக்குத்தானே தெரியும்."

அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. பிறகு உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எனக்கும் ஒரு அண்டா வெய்யி," என்றார். "நானும் அன்னைக்கு ஊத்திக்கல."

கொதித்த நீரை விளாவி வைத்தேன். "நீங்க முந்தி ஊத்துங்க. உங்களுக்குத்தான் நெருங்குன சொந்தம்," என்றேன்.

அவர் உட்கார்ந்து முதல் சொம்பைத் தலையில் கவிழ்த்தார். நான் மரியாதைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சொம்பு அண்டாவில் இடிக்கிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம், மறுபடி சொம்பு. இடையில் அவர் அழுதாரா என்று தெரியாது. நான் காது கொடுக்கவில்லை.

அப்புறம் தெருவுக்கே கேட்டது.

"சரசு! முதுகு!"

பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் போனேன்.